கூடை ஏற்றிவிடும் கை

அத்தை கட்சியில் சேர்ந்த செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. கடலூரில் நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீசில் அது சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, சிதம்பரத்தில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவைப் பார்த்தேன். படத்தில் அத்தை குனிந்து நின்றாள். கண் மூடியிருந்தது. கழுத்தில் கட்சிக் கரை போட்ட புதுத் துண்டு. துண்டின் இரண்டு நுனியையும் பிடித்தபடி வட்டச் செயலாளர் கலியமூர்த்தி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடை வியாபாரப் பெண்கள் சங்கத் தலைவி கொளஞ்சியம்மாள் தன் சங்கத்தினர் அனைவருடனும் கட்சியில் இணைந்தார் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது.

துண்டின் நிறத்தை எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தே, நீ கட்சியில சேந்துட்டியா?"

"எந்தக் கட்சியிலடி?" பின்னால் ஹாரன் சத்தம். "போன வையி அனு. காரைக்கால் வண்டி நிக்குது. மல்லாட்டை சூடா இருக்குது, வித்துட்டு வரேன்."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அத்தை அவித்த மல்லாட்டையும் கொய்யாவும் விற்கிறாள். அப்பாவுக்கு அக்கா. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் நான் சிதம்பரத்தில் அத்தையோடு இருக்கிறேன். காலையில் பஸ் பிடித்துக் கடலூர். சாயங்காலம் திரும்பியதும் நேராகக் குரூப் ஃபோர் பரீட்சைக்கான மாலை வகுப்பு. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் அன்று நடந்ததைக் கேட்டேன். நான் பார்க்கவில்லை. ஆனால் அத்தை சொன்னதும், அவள் பக்கத்தில் கூடை வைத்து விற்கும் செல்லாயி அக்கா தனியாகச் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

கூடைக்காரப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருவர் நின்று ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தலையில் துணிச் சும்மாட்டை வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, கழுத்தை நீட்டிக் குனிந்தால் கூடை வந்து உட்காரும். போகிற வருகிற யாரும் கை கொடுப்பார்கள். கண்டக்டர், காலேஜ் மாணவி, பேச்சுவார்த்தை நின்றுபோன ஓரகத்தி, யாரானாலும். கேட்டால் மறுப்பதில்லை. கொடுக்க வந்தால் வேண்டாம் என்பதும் இல்லை. 'தூக்கி வுடவா' என்று ஒரு குரல் கேட்டால் கழுத்து தானாகக் குனிந்துவிடும். யாரென்று நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே கிடையாது.

கலியமூர்த்திக்கு இது தெரியும். அவருடைய அம்மாவும் கூடை சுமந்தவர்தான்.

"தூக்கி வுடவாக்கான்னு கேட்டான்டி. குனிஞ்சேன். கூடை வரல, துண்டு வந்து வுழுந்துது. நிமுந்து பாத்தா நாலு பேரு கை தட்டுறான், ஒருத்தன் போட்டோ புடிக்கிறான்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன். மொதல்ல கூடையத் தூக்கி வுடுடா, வண்டி பூடும்னேன்."

"தூக்கி வுட்டாரா?"

"எங்க? போட்டோ எடுத்ததும் பூட்டான்."

சொல்லிவிட்டு அத்தை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. துண்டு அடுப்பு மேடைமேல் மடித்தபடி இருந்தது. கடையில் போட்ட மடிப்பும் கலையவில்லை. அதிலிருந்து வந்த சென்ட் வாசனை கடலை அவிக்கிற ஆவியோடு கலந்து வீடு முழுக்க அடித்தது. எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

சங்கம் பெரிய சங்கமில்லை. சிதம்பரம், கடலூர் இரண்டு பஸ் நிலையங்களிலும் கூடை வைத்து விற்கிற பெண்கள் சேர்ந்தது. நிழலில் உட்கார ஓர் இடம், பூட்டிக் கிடக்காத ஒரு கழிப்பறை, கண்டவனும் வந்து கூடையைக் காலால் நகர்த்தக் கூடாது. கேட்டது இவ்வளவுதான். ஒரே ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் சங்கத்தின் பேரில் வண்டியேறக் கூடாது. தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, எல்லாக் கட்சிக்காரர்களையும் கூப்பிட்டு, தரையில் உட்காரவைத்துத் தங்கள் பேச்சைக் கேட்கவைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் மாலை வகுப்பு நடக்கும் மாடி ஹாலை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அதே ஞாயிறு கடலூரில் கலியமூர்த்தியின் தலைவர் பேசுகிற கூட்டம் வந்து விழுந்தது. வட்டத்துக்கு இவ்வளவு பெண்கள் என்று மேலே கணக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பெண்களை அவர் ஏற்கெனவே தன் கணக்கில் சொல்லிவிட்டார். துண்டு அதற்காகத்தான்.

இரண்டு நாளில் பஸ் நிலைய வாசலில் ஃபிளெக்ஸ் வந்தது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஃபிளெக்ஸ் வைக்க முடியாது என்பதால் எல்லாருமே அவசரத்தில் இருந்தார்கள். ஆள் உயரத்துக்கு அத்தையின் குனிந்த தலை. அதன் கீழேயே உட்கார்ந்து அத்தை கொய்யா விற்றாள். மற்ற கட்சிக்காரர்கள் வந்து, "என்னம்மா, நீயும் போய்ட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சங்கத்துப் பெண்களும் கேட்டார்கள். அதுதான் அத்தையைச் சுட்டது.

"என்னா வாங்குனேன்னு கேக்குறாடி விருத்தாம்பாள். என்னைப் பாத்து."

"நீ சேரலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒவ்வொருத்தி காதுலயும் போயி சொல்லிக்கினு இருக்க முடியுமா? ஞாயித்துக்கெழம கூட்டத்துல எல்லார் முன்னாலயும் என் வாயால சொல்றேன். சொல்லலைன்னா அந்தப் போட்டோதான் நெசம்."

அப்படித்தான் அந்தக் கூட்டம் அத்தைக்கு வாழ்வா சாவா என்கிற விஷயமானது.

வியாழக்கிழமை வகுப்பில் ஞானசேகரன் சார் அரசியலமைப்பு நடத்திக்கொண்டிருந்தார். சங்கம் அமைக்கும் உரிமை எந்தப் பிரிவு என்று கேட்டார். பத்தொன்பது, ஒன்று, சி என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். அடிக்கடி வருகிற கேள்வி, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அப்போது கலியமூர்த்தி படியேறி வந்தார். எழுந்து நின்றோம். எதற்கு நின்றோம் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. நீங்க நடத்துங்க சார். நானும் ஒரு காலத்துல குரூப் ஃபோர் எழுதுனவன்தான்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாக்கு மென்றபடி முழுப் பாடத்தையும் கேட்டார். முடிந்ததும் எழுந்து, "நல்ல பாடம்" என்றார். "நல்லாப் படிங்க புள்ளைங்களா. ஆனா வேலை கெடைக்கிற நேரத்துல பேருல ஒரு கேசு இருந்துச்சின்னா அவ்வளவும் வேஸ்ட்டு. இல்லீங்களா சார்?"

"ஆமாங்க" என்றார் சார்.

"மாடிக்கு இந்த ஒரு படிதானா? கூட்டம் ஜாஸ்தியானா ஆபத்தாச்சே சார். ஃபயர் சர்வீசுல யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவீங்க?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கொளஞ்சி அக்கா மருமவதானே? அத்தைய தம்பி கேட்டுச்சின்னு சொல்லு."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. போகும்போது முன் பெஞ்சில் ஒரு பெண்ணின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். வகுப்பு முடிந்ததும் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம ஹால்ல பெயிண்ட் அடிக்கிறோம்மா அனு."

"போன வாரந்தானே சார் சரின்னீங்க?"

"பெயிண்ட்டு இன்னைக்குத்தான்மா முடிவாச்சு."

அவருக்குப் பின்னால் பலகையில் பிரிவு எண் அப்படியே இருந்தது. அழிக்க மறந்திருந்தார். எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. ஆனால் படி இறங்கும்போது, கூட்டம் இல்லையென்றால் கேஸும் இல்லை என்று எனக்குள்ளே ஒரு நிம்மதி பரவியதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நிம்மதியை எங்கே கழுவுவது என்று தெரியவில்லை.

மறுநாள் நான் கடலூரிலிருந்து வந்து இறங்கியபோது பஸ் நிலையத்தில் பெண்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். செல்லாயி அக்காவின் கூடை கவிழ்ந்து கிடந்தது. கொய்யா உருண்டு பிளாட்பாரம் வரை போயிருந்தது. கலியமூர்த்தி நடந்துகொண்டிருந்தார். வேகமாக இல்லை. கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல. ஒவ்வொரு பழமாகப் பார்த்து, அதன்மேல் செருப்புக் காலை வைத்து, நசுங்கியதும் அடுத்த பழத்துக்குப் போனார்.

"மன்னிச்சிக்கக்கா, கண்ணு தெரியல" என்று ஒவ்வொரு மிதிக்கும் சொன்னார். "அடடா, இதுவுமா? மன்னிச்சிக்கக்கா."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தன் வெள்ளை வேட்டியில் சாறு தெறிக்காமல் இருக்கப் பின்னால் நகர்ந்துகொண்டார். கடைசியில் கலியமூர்த்தி செல்லாயி அக்காவின் கோணிச் சாக்கிலேயே செருப்பைத் துடைத்தான்.

இதுவரை அவர் என்று எழுதிவந்தேன். வயதில் பெரியவர் என்பதால். இனி அப்படி எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்தான். வாசலில் நின்று, உள்ளே வரச் சொல்லும்வரை காத்திருக்கும் மரியாதையும் அவனிடம் இருந்தது. அத்தை கூப்பிடவில்லை. வாசலில் இருந்தே பேசினான்.

"நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வந்துடும்க்கா. முன்வரிசை ஒனக்குத்தான். ஒன் ஆளுங்கள்லாம் ஒண்ணா வந்து நிக்கட்டும். ஆளுக்கொரு துண்டு, ஒரு போட்டோ, ஏறிட வேண்டியது. கை நெறைய பொம்பளைங்கள வச்சிக்கினு தம்பிய அசிங்கப்படுத்தாத."

"வரலைன்னா?"

"ஏன்க்கா அந்தப் பேச்சு? திங்கக்கெழமலேருந்து யாரு எங்க ஒக்காருறதுன்னு நாங்க பாத்துக்குறோம்." என்னைப் பார்த்தான். "புள்ள வேற படிக்கிது."

அத்தை அடுப்பில் கொதிக்கிற கடலைப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி தம்பி. எல்லாரும் வந்து நிக்கிறோம்" என்றாள்.

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் அத்தையோடு பேசவில்லை. அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்காகப் பயந்தாள் என்று தோன்றியபோது கோபம் இன்னும் கூடியது. அவள் செல்லாயி அக்காவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு எல்லாரையும் கூடை நெறைய சரக்கோட வரச் சொல்லு. கொறையாக் கொண்டாரக் கூடாது" என்றாள். கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு எதற்குச் சரக்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. கலியமூர்த்தி கைநிறையத் துண்டுகளோடு இறங்கினான். கூட நாலைந்து பேர், எல்லார் கையிலும் போன். நான் ஜூஸ் கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். போட்டோவில் விழக் கூடாது என்பதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

பெண்களில் பாதிக்கும் மேல் வரவில்லை. வந்தவர்களில் சிலர் நேராகப் போய்த் துண்டு வாங்கி வேனில் ஏறிவிட்டார்கள். விருத்தாம்பாளும் ஏறினாள். அத்தை அவளைப் பார்த்தாள். "போவட்டும். அவ புருஷன் இந்த ஸ்டாண்டுலதான் ஆட்டோ போடுறான்" என்றாள்.

மீதிப் பெண்கள் ஃபிளெக்ஸுக்கு எதிரே வரிசையாகக் கூடைகளை வைத்திருந்தார்கள். "ம்" என்றாள் அத்தை. ஒருத்தி குனிய இன்னொருத்தி தூக்கிவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைகள் தலைக்குப் போயின. கழுத்துகள் நேராகின. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையில் நிறைகூடை இருக்கிறவளுக்கு யாரும் துண்டு போட முடியாது. அவளால் குனிய முடியாது.

கலியமூர்த்திக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் மாறவில்லை. "என்னாக்கா இது? எறக்கி வையிங்க, வேனுக்கு நேரமாச்சு" என்றபடி செல்லாயி அக்காவின் தோள்மேல் ஒரு துண்டை வீசினான். கூடையின் அகல விளிம்பில் தட்டித் தரையில் விழுந்தது. கீழே யாரோ கொட்டிய டீ.

"என்னா மச்சான், துண்டு ஜாஸ்தியா இருக்குதா?" என்றாள் செல்லாயி அக்கா, கழுத்து அசையாமல். "வூட்டுக்குக் கொண்டுபோ. செருப்பு தொடைக்க ஆவும்."

பஸ்ஸுக்கு நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள்.

ஆனால் ஒரு கூடை தரையிலேயே இருந்தது. அத்தையுடையது. கடைசி ஆளுக்கும் ஏற்றிவிட்டு அவள் தனியாக நின்றாள். தலையில் சுமை உள்ளவர்கள் இன்னொருத்திக்குத் தூக்கிவிட முடியாது. இதை யாரும் யோசிக்கவில்லை. எப்போதும் யாராவது ஒருவர் வந்து கை கொடுத்துவிடுவதால் யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இன்று அந்த ஜனத்திலிருந்து ஒருவரும் நகரவில்லை. தினமும் ஏற்றிவிடுகிற டைம்கீப்பர் தன் அறைக்குள் போய்விட்டார்.

கலியமூர்த்தி துண்டு ஒன்றை விரித்துப் பிடித்தபடி அத்தையிடம் வந்தான். "தூக்கி வுடவாக்கா?"

அத்தையின் கழுத்து ஒரு விரற்கடை இறங்கியதை நான் பார்த்தேன். பழக்கம். அங்கேயே நிறுத்தினாள். அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் கூப்பிடவில்லை.

போனேன். தைரியம் வந்து போனேன் என்று எழுத முடியாது. அவன் விரல்கள் துண்டை மறுபடியும் அந்தக் கழுத்துக்குக் கொண்டுவருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இடையில் புகுந்து கூடையின் விளிம்பைப் பிடித்தேன். அத்தை குனிந்தாள். தூக்கினேன். கனம் என் கையைவிட்டு அவள் தலைக்குப் போனது. அவள் நிமிர்ந்தாள். போன்கள் எல்லாம் என் முகத்துக்கு நேரே இருந்தன.

"போட்டோவுல பேரு எழுதிக்கடா, படிக்கிற புள்ள" என்றான் கலியமூர்த்தி, இன்னும் சிரித்தபடி.

அத்தை பேசினாள். மேடைப் பேச்சு இல்லை. பஸ்ஸில் விலை கூவுகிற அதே குரல்.

"நான் எந்தக் கட்சியிலயும் சேரல. தூக்கி வுடறேன்னு சொல்லிக் குனிய வச்சி இவன் துண்டு போட்டான். எங்க சங்கம் எவன் வூட்டுச் சங்கமும் இல்ல. எங்களுக்கு எடம் வேணும், கக்கூசு வேணும், கூடைய ஒதைக்கக் கூடாது. ஓட்டுக் கேக்க வர்றவன் யாரானாலும் இங்க வந்து நின்னு கேட்டுட்டுப் போவட்டும். ஹாலு குடுக்கலைன்னா பரவால்ல. இதான் எங்க கூட்டம்."

கலியமூர்த்தி ஜனத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "எங்க அக்காதான். கோவத்துல பேசுது. குடும்பத்துக்குள்ள இருக்கிறதுதான்." ஒருவர் தலையாட்டினார். கொய்யாச் சாறு தெறிக்காமல் நகர்ந்துகொண்ட அதே வேட்டிக்காரர் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வேன் போகும்வரை பெண்கள் இறக்கவில்லை. வேர்வை புருவத்தில் இறங்கி நின்றது. துடைக்க ஒருத்திக்கும் கை இல்லை. நான் ஒவ்வொருத்தியாகத் துடைத்துவிட்டுக்கொண்டே போனேன். வேன் திரும்பி மறைந்ததும் கூடைகள் இறங்கின. அத்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழவில்லை.

சாயங்காலம் படம் வந்தது. கூடைகளைத் தலையில் ஏந்தி நேராக நிற்கும் பெண்கள். நடுவில் அத்தைக்குத் தூக்கிவிடும் நான், முகம் தெளிவாக. கீழே எழுத்து: 'தலைவரை வரவேற்கக் கனிக் கூடைகளுடன் திரண்ட சங்கப் பெண்கள்.' கும்பிடும் கைகளாக வரிசையாகப் பதில்கள். ஞானசேகரன் சாரும் ஒன்று போட்டிருந்தார்.

எனக்கு வாய் கசந்தது. கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன். கசப்பு போகவில்லை. போனை அத்தையிடம் காட்டினேன். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பார்த்தாள்.

"போட்டோவுல நீ நல்லா இருக்கடி" என்றாள். பிறகு, "அங்க நின்னவங்க காதுல கேட்டுச்சி. அது போதும்" என்றாள்.

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஃபிளெக்ஸை நகராட்சி ஆட்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பெண்களை இதுவரை யாரும் இடத்தைவிட்டு எழுப்பவில்லை. எழுப்ப மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. என் பெயரில் கேஸ் எதுவும் வரவில்லை. வகுப்புக்குப் போகிறேன். ஹாலில் பெயிண்ட் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் கூடையோடு நிற்பது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். விருத்தாம்பாள் வருவதாகச் சொன்னாளாம்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அந்தப் படம் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் அத்தை கொய்யாக் கூடையோடு வாசலில் நின்றாள். கடலூர் பஸ்ஸுக்கு எனக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே பின்னால் போய், "தூக்கி வுடவா அத்தே?" என்றேன்.

அவள் குனியவில்லை. திரும்பி, முதலில் என் கையைப் பார்த்தாள்.